மூன்றாவது தடவை கேட்காத டாக்டரம்மா

ஆர்டீன் ஸ்கோக்ஸ்டாட் போட்ட போர்க் கிணறு வற்றிப்போனது என்று சொல்ல ஹெக்டால் வட்டாரத்தில் ஓர் ஆள் கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அப்பா விட்டுப்போனது ஒரு துருப்பிடித்த லாரி, அவ்வளவுதான். அந்த லாரியின் முதுகில் துளைபோடுகிற கோபுரத்தை ஏற்றி, எங்கிருந்தோ கொண்டுவந்த எஞ்சினைப் பொருத்தி, தானே வெல்டிங் வைத்து ரிக் வண்டியாக்கினார். மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் களிமண்ணும் உருட்டுப் பாறையும் கலந்து கிடக்கிற பூமி அது. முதல் போர் போட்டபோது ஊரே வேடிக்கை பார்க்க வந்து சிரித்தது. தண்ணீர் பீறிட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தங்கள் வீட்டுப் பக்கமும் ஒரு நாள் வரச் சொன்னது. யார் கையையும் எதிர்பார்க்காமல் மேலே வந்த மனுஷன். அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஆனால் அந்த ஊரில் பெருமை பேசவென்று ஒரு முறை இருக்கிறது. மார்தட்டினால் மதிப்புப் போய்விடும். சொல்கிறவன் தாழ்த்திச் சொல்ல வேண்டும், கேட்கிறவன் உயர்த்திக்கொள்ள வேண்டும். ஊற்று ஆள் உயரத்துக்கு மேல் தெறித்துத் தொப்பி நனைந்தால், ஆர்டீன் தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு "பரவால்ல" என்பார். அதற்குமேல் பெரிய வார்த்தை அவரிடம் கிடையாது. பனிப்புயலில் கொட்டகைக் கூரை பறந்தபோதும் அதே "பரவால்ல"தான்.

யாராவது எதையாவது கொடுத்தால் அதற்கும் முறை உண்டு. "காபி சாப்பிடுறீங்களா?" என்று முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" மூன்றாம் தடவைதான், "சரி, அரைக் கப் போதும்." முழுக் கப் ஊற்றுவார்கள், முழுவதையும் குடிப்பார்கள். பசித்து வந்தவனும் அப்படித்தான், வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தவனும் அப்படித்தான். ஆர்டீன் கல்யாணத்துக்குக் கேட்டபோது லவோன் இரண்டு தடவை வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை, "உனக்கு வேற யாரும் கிடைக்கலேன்னா சரி" என்றாள். அன்று தொடங்கிய குடித்தனம் இன்றுவரை ஒரு விரிசல் இல்லாமல் ஓடுகிறது.

எழுபத்தோராவது வயதில், சோளம் அறுவடையாகிற நாட்களில், ஆர்டீனுக்கு வயிற்றுக்குள் ஒரு வலி வந்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குக் குடைந்துகொண்டு போகிற வலி. குடைவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'எவனோ நல்லாத்தான் குடையிறான்' என்று நினைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் கணையத்தில் புற்று என்றார்கள். அறுத்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். லவோன் கைப்பையைத் திறந்து மூடினாள். ஆர்டீன் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, வெளியே வந்து காரின் கண்ணாடியைத் துடைத்தார்.

சாவைப் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. அது எல்லோருக்கும் வருவது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முதுகைக் கீழே வைத்து, தன் கட்டிலில், லவோன் பக்கத்தில் படுக்க வேண்டும். அதுதான் முடியவில்லை. மல்லாந்தால் வலி கொன்றது. முன்னால் குனிந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அதனால் சமையலறை மேஜையில் தலையணையை வைத்து, நெற்றியை அதில் சாய்த்து, நாற்காலியிலேயே தூங்கப் பழகினார். லவோன் மாடியில் தனியாகப் படுத்தாள்.

குனிந்த மனுஷனை ஊர் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டது. கோவிலில் முன்பெஞ்சில் நெற்றியை வைத்து அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போதகர் உருகிப்போனார். "நம்மில் ஒருவர் எவ்வளவு ஆழமாக ஜெபிக்கிறார் பாருங்கள்" என்று பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார். காபிக் கடையில் வெர்லின் ஹவ்ஜென் கதை வேறு. அவர் முப்பது வருஷமாகத் தன் பசுக்களின் முழங்காலைப் பற்றியே பேசுகிறவர். எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் பின்னால் சாய்ந்தவர்கள்தான். ஆர்டீன் முன்னால் சாய்ந்ததும், தன் அருமை தெரிந்த ஆள் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார் என்று வெர்லின் முடிவு கட்டி, ஒவ்வொரு பசுவாக விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். வலி மோசமா, வெர்லின் மோசமா என்று சொல்ல முடியாதபடி அந்தக் காலைகள் போயின.

மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வலியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது. கூடவே ஆர்டீனையும் தள்ளிவிட்டது. சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உறங்கினார். வயிறு வேறு, மண் சரிந்து அடைத்துக்கொண்ட போர் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் வலி வைத்தியத்துக்கென்றே இருக்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே புதிதாக வந்திருந்தவர் டாக்டர் மான்ஃப்ரெடி. நியூ ஜெர்சிப் பக்கத்து அம்மாள். குட்டையான உருவம், வேகமான நடை, பேச்சு அதைவிட வேகம்.

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல ஒரு வலி இருக்க முடியாதுன்னு அர்த்தம். உங்க வலி எத்தனை, ஆர்டீன்?"

ஆர்டீன் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். வெர்லினின் அப்பா சோளம் பறிக்கிற எந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு, தானே துண்டைக் கட்டிக்கொண்டு, தானே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிப்போனவர். அவரே "நாலு இருக்கும்" என்றுதான் சொன்னார். அப்படியானால் கை கால் எல்லாம் முழுசாக இருக்கிறவன் என்ன சொல்ல முடியும்?

"ரெண்டு" என்றார். அதுவும் அலட்டலாகத் தோன்றவே, "ரெண்டுக்குக் கொஞ்சம் கீழ" என்று திருத்தினார்.

லவோன் அவர் கணுக்காலில் ஒரு உதை விட்டாள்.

"ஆனா குனிஞ்சே உட்கார்ந்திருக்கீங்களே?"

"வசதியா இருக்கு, டாக்டர்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பிறகு ஒரு வைத்தியம் இருக்கிறது என்றார். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒரு நரம்பு முடிச்சு. கணையத்திலிருந்து வலிச் சேதியெல்லாம் அது வழியாகத்தான் போகிறது. குப்புறப் படுக்க வைத்து, முதுகு வழியாக நீளமான ஊசியை இறக்கி, எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டே அந்த முடிச்சைத் தொடுவது.

ஆர்டீனின் கண் முதல் தடவையாக விழித்துக்கொண்டது. "எவ்வளவு ஆழம்?"

"நாலு, அஞ்சு அங்குலம்."

"நடுவுல பாறை?"

"பாறையா? முதுகெலும்பு இருக்கு. அதை ஒட்டிச் சாய்வா இறக்குவேன்."

"பக்கத்துல பெரிய லைன் ஏதாவது ஓடுதா?"

"உடம்புலேயே பெரிய ரத்தக்குழாய் அங்கதான் ஓடுது."

ஆர்டீன் மெல்லச் சீட்டி அடித்தார். "சுவர் சரியாம இருக்க கேசிங் பைப் இறக்குவீங்களா?"

"வெறும் ஊசிதான்."

"கேசிங் இல்லாமலா!" லவோன் பக்கம் திரும்பி, "கேட்டியா? கேசிங் இல்லாம, பெரிய லைன் பக்கத்துல!" என்றார். இந்தப் பொம்பளைக்குத் தொழில் தெரியும் என்று அந்த நிமிஷமே அவருக்குப் பிடித்துப்போனது.

"அப்புறம் அதுல ஆல்கஹால் விடுவேன். நரம்பு செத்துப்போகும். புற்று போகாது, அதை மறைக்காம சொல்லிடறேன். வலிதான் போகும். சில மாசம் தாங்கும்."

"ஆல்கஹாலா?" ஆர்டீன் முகம் சுருங்கியது. "நான் பொறந்ததுலேருந்து தொட்டதில்ல, டாக்டர்."

"நீங்க குடிக்கப்போறதில்ல. உங்க முதுகு குடிச்சுக்கும். வியாழக்கிழமை இடம் இருக்கு. செஞ்சுடலாமா?"

ஆர்டீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கட்டில் கண்முன்னால் வந்து நின்றது. முறைப்படி, "இல்ல இல்ல, வேண்டாம்" என்றார்.

"நிச்சயமாவா? நல்ல பலன் கொடுக்கும்."

"எனக்காக நீங்க எதுக்குச் சிரமப்படணும்? என்னைவிட மோசமா இருக்கிறவங்க இருப்பாங்க. அவங்களைப் பாருங்க."

இரண்டு ஆயிற்று. மூன்றாவதுக்கு, "சரி, உங்களுக்கு அன்னிக்கு வேற வேலை இல்லேன்னா பாருங்க" என்ற பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு ஆர்டீன் காத்திருந்தார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உங்க முடிவை மதிக்கிறேன். உங்க உடம்பு, உங்க இஷ்டம். மனசு மாறினா கூப்பிடுங்க." கையைக் குலுக்கினார். போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. ஆர்டீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருவார் என்று நினைத்தார். வேறொரு அம்மாள் வந்து, அறையைத் துடைக்க வேண்டும், கொஞ்சம் எழுந்துகொள்கிறீர்களா என்றாள். அதுவும் ஒரே தடவைதான் கேட்டாள்.

வண்டியை லவோன் ஓட்டினாள். பீட் கிழங்கு வயல்கள் பின்னால் போயின. பிறகு, "அது ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். அவள் வாயில் அதைவிடக் கடுமையான வசவு இதுவரை வந்ததில்லை.

"இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றார் ஆர்டீன்.

"ஆமா."

"நம்ம பக்கத்துல பன்னிக்குட்டி விக்கிறவன்கூட மூணு தடவை கேப்பான்."

"ஆமா. உனக்கு எத்தனை?"

"என்ன எத்தனை?"

"வலி."

"ரோட்டைப் பாத்து ஓட்டு, லவோன்."

"நீயே ஃபோன் பண்ணிச் சொல்லு. அவங்கதான் கூப்பிடச் சொன்னாங்களே."

"ஃபோன் பண்ணி எனக்குக் கொடுங்கன்னு கேக்கவா? நானா?" ஆர்டீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்நாளில் ஒருவரிடமும் கை நீட்டாதவர். ஊசிக்காக நீட்டுவதா?

ஆனால் மூன்றாவது தடவை கேட்பதற்கு அந்த அம்மாளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதில் தப்பில்லை. தொப்பியை மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லி அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். தலையில் தொப்பி இருந்ததைப் பாதி வழியில் லவோன் காட்டினாள். கழற்றிக் காரில் போட்டுவிட்டு, நடைவழியில், டாக்டரம்மா கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்தார்.

"ஓ, ஆர்டீன்! எப்படி இருக்கீங்க?"

"பரவால்ல" என்றார் ஆர்டீன். 'பரவால்ல'வை எவ்வளவு சோகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சோகமாகச் சொன்னார். அந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பார்.

"அருமை!" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா நடையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. மேஜையில் சாய்ந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. லவோன் காலையில் இறங்கி வரும்போது அவர் நெற்றியில் தலையணைத் தையலின் தடம் இருக்கும். சாப்பாடு குறைந்தது. பேச்சு முதலிலேயே குறைவு, அதிலும் பாதியாயிற்று. லவோனே ஒரு நாள் ஃபோனைக் கையில் எடுத்தாள். ஆர்டீன் பார்த்த பார்வையில் வைத்துவிட்டாள். அவர் அழுதிருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

நவம்பரில் கோவில் அடித்தளத்தில் மீன் விருந்து நடக்கும். சாம்பல் காரநீரில் ஊறிக் கொழகொழவென்று ஆன வெள்ளை மீன், உருகிய வெண்ணெய், உருளைக்கிழங்கு ரொட்டி. வட்டாரமே கூடும். ஆஸ்பத்திரியில் யாரோ சீட்டு விற்றதால் டாக்டர் மான்ஃப்ரெடியும் வந்திருந்தார். ஆர்டீன் உட்கார்ந்த நீள மேஜையின் எதிர்ப்பக்கத்தில், நாலு நாற்காலி தள்ளி இடம் கிடைத்தது.

மீன் வேண்டுமா என்று கேட்டார்கள். "கொடுங்க!" என்றார் டாக்டரம்மா. பரிமாறியவள் கரண்டியோடு ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். இன்னும் இரண்டு தடவை கேட்கத் தயாராக வந்தவள் அவள்.

கடைசியில் சர்க்கரை தூவிய எலுமிச்சை கேக் துண்டுகள் நிறைந்த தட்டு வந்தது. சுற்றிச் சுற்றித் தட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கடைசித் துண்டை அங்கே யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதியாக வெட்டிப் பாதியை வைப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கண்ணுக்குத் தெரியாத துணுக்காகும்வரை அது தட்டில் கிடக்கும், பிறகு சமையலறையில் யாராவது ரகசியமாக வாயில் போட்டுக்கொள்வார்கள். வெர்லின் கத்தியை எடுத்து வெட்டுவதற்குள், டாக்டரம்மா, "இது யாருக்காவது வேணுமா?" என்றார்.

"இல்ல இல்ல" என்றது மேஜை முழுவதும்.

"அப்ப நான் எடுத்துக்கறேன்." எடுத்தார். முழுசாக வாயில் போட்டார்.

வெர்லினின் கத்தி அந்தரத்தில் நின்றது. போதகர் காபியைப் பார்த்தார். ஆர்டீனுக்கோ உச்சியில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அந்த அம்மாள் முகத்தில் துளி திமிர் இல்லை. கேட்டார், வேண்டாம் என்றார்கள், நம்பிவிட்டார். மனுஷர்கள் சொல்வதை அப்படியே நம்புகிற ஒரு ஜாதி இருக்கிறது! அன்றைக்கும் நம்பித்தான் போயிருக்கிறார். இனி இந்த ஜென்மத்தில் மூன்றாவது தடவை கேட்கப்போவதில்லை.

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "டாக்டர்."

"அட, ஆர்டீன்! எப்படி இருக்கீங்க?"

'பரவால்ல' உதடுவரை வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"ஒன்பது" என்றார்.

"என்ன ஒன்பது?"

"வலி. ஒன்பது. படுத்தா பத்து. ரெண்டுன்னு சொன்னது தப்பு. அந்த ஊசி எனக்கு வேணும்."

அந்த அடித்தளத்தில் ஒருவர் வாய்விட்டு "எனக்கு வேணும்" என்று சொன்னது கோவில் கட்டின நாள்முதல் அதுதான் முதல் தடவை. எங்கோ ஒரு முள்கரண்டி விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. ஆர்டீனின் காது நுனி சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"ஒன்பதா?" என்றார் வெர்லின். "எங்கப்பா கை போனதுக்கே நாலுதான் சொன்னாரு."

"வெர்லின்," என்றாள் லவோன், "உன் மீனைத் தின்னு."

டாக்டரம்மா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. "அன்னிக்கே செஞ்சிருக்கலாமே! ஏன் வேணாம்னீங்க?"

"நீங்க ரெண்டு தடவைதானே கேட்டீங்க?"

டாக்டரம்மா மேஜையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. "ரெண்டே தடவையா?" என்று ஒரு கிழவி பக்கத்துக்காரியிடம் கேட்டாள். "பாவம், ஆர்டீன்."

"எங்க ஊர்ல ஒரு தடவைகூடக் கேக்க வேண்டாம், அவங்களே புடுங்கிக்குவாங்க" என்றார் டாக்டரம்மா. "வியாழக்கிழமை காலையில வந்துடுங்க."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு..."

"ஆர்டீன்!" கத்தியது லவோன் மட்டும் இல்லை, பாதி மேஜை.

வியாழக்கிழமை குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்து, முதுகுத் தோலை மரத்துப்போக வைத்தார்கள். கொஞ்சம் மயக்கம் கொடுத்தார்கள், ஆனால் வாயைக் கட்டுகிற அளவு கொடுக்கவில்லை.

"எங்க இருக்கீங்க?" என்றார் ஆர்டீன் தலையணைக்குள்ளிருந்து.

"மூணு அங்குலம்."

"எலும்பு தட்டுச்சா?"

"தட்டுச்சு. கொஞ்சம் சாய்க்கிறேன்."

"அவசரம் வேண்டாம். பக்கத்துல பெரிய லைன்."

"தெரியும், ஆர்டீன்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சும்மா சொன்னேன்."

சாயம் விட்டுப் படம் பார்த்தார். இடம் சரியாக இருந்தது. "இப்ப மருந்து போகுது. கொஞ்ச நேரம் எரியும். எத்தனைன்னு சொல்லுங்க."

எரிந்தது. "ஏழு!" என்று வெட்கமில்லாமல் கத்தினார் ஆர்டீன். ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டால் அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. "ஏழரை!"

பிறகு எதுவோ நின்றுபோனது. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ அணைத்த மாதிரி. அணைந்த பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரிகிற மாதிரி. ஆர்டீன் உடம்புக்குள் அதைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"இப்ப எத்தனை?"

"ஒண்ணு."

"நிஜ ஒண்ணா, உங்க ஊர் ஒண்ணா?"

"நிஜ ஒண்ணு, டாக்டர்" என்றார். குப்புறக் கிடந்ததால் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, சலைன் ஏற்றிச் சரி செய்தார்கள். மாத்திரை அடைத்து வைத்திருந்த வயிறு வேறு மொத்தமாகத் திறந்துகொண்டது. அந்த ஊசிக்கு அப்படியும் ஒரு குணம் உண்டாம். இதை ஆர்டீன் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. லவோன் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஆர்டீன் படியேறி, கட்டிலில் உட்கார்ந்து, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரி முதலில் ஒரு முழங்கையை ஊன்றி, பிறகு தோளை வைத்து, மெல்ல மல்லாந்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. லவோன் காலணியைக் கழற்றிவிட்டு, போட்டிருந்த உடுப்போடு பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அது என்ன?" என்றார் ஆர்டீன்.

"எது?"

"மேல. கூரைப் பலகையில கறை."

"ஒழுகுது."

"எப்பலேருந்து?"

"முதல் பனி விழுந்ததுலேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கறை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது, விளிம்பு பழுப்பாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதைத் தனியாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது ஆர்டீனுக்கு மெல்ல உறைத்தது. தண்ணீர் பற்றிய விஷயம், அதுவும் அவர் வீட்டுக்குள்ளேயே, அவருக்குத் தெரியாமல்.

"ஓரத் தகடு விலகியிருக்கும்" என்றார். "ஏணி எடுத்தா ஒரு நிமிஷ வேலை."

"படு."

"ஏறிப் பாக்கத்தான்..."

"ஏற வேண்டாம். வெர்லினைக் கூப்பிட்டுக்கலாம்."

"வெர்லினா? அவனுக்கு ஆணி எந்தப் பக்கம் கூர்னே தெரியாது. அவன் கொட்டகைக் கதவை அவன் மாட்டின லட்சணம் எனக்குத்..."

அதோடு பேச்சு நின்றது. வாய் திறந்தபடியே தூங்கிவிட்டார். மல்லாந்து, கையைக் காலை விரித்து, கட்டிலில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு. குறட்டை, பாறையில் துளைமுனை சிக்கின ரிக் எஞ்சின் மாதிரி ஏறி இறங்கியது. அந்தச் சத்தத்தில் லவோனால் கண்மூட முடியவில்லை. கட்டில் ஓரத்தில், விழுந்துவிடாமல் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து போகவில்லை.